சென்னை வீடுகளில் ஆன்டிவைரஸ்: ஃப்ளாப்பி காலத்திலிருந்து

சென்னை வீடுகளில் எந்த ஆன்டிவைரஸ் ஓட வேண்டும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தவர், கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவர்தான். 1990-களின் நடுவில் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் முதல் கணினி வாங்கிய நடுத்தரக் குடும்பங்களில் பல, பெரிய கம்பெனிப் பெட்டியை வாங்கவில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெருவில் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக எடுத்து, தெரிந்த ஒருவர் பூட்டித் தந்ததை வாங்கின. விண்டோஸ் போட்டவரே ஆன்டிவைரஸும் போட்டுவிட்டுப் போனார். எது நல்லது என்று வீட்டுக்காரர் கேட்டால், அவர் கையில் அன்றைக்கு எந்த வட்டு இருந்ததோ அதுதான் பதில்.

வைரஸோ அதற்கு முன்பே வந்துவிட்டது. 1986-இல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன், ஐபிஎம் பிசிகளில் பரவிய முதல் வைரஸ். 360 கிலோபைட் ஃப்ளாப்பியின் முதல் பகுதியான பூட் செக்டாரில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃப்ளாப்பியை டிரைவில் வைத்தபடி கணினியை ஆன் செய்தால் போதும், நினைவகத்தில் ஏறிவிடும். அடுத்து செருகப்படும் ஃப்ளாப்பிக்கும் ஒட்டும். 1990-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி இன்னும் பிடிவாதமானது. அது ஹார்ட் டிஸ்க்கிலும் குடியேறியது. ஜனவரி 5 அன்று 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச்சு செய்யச் சொல்லித் திரையில் கேட்கும். செய்யும்வரை இயந்திரம் அசையாது.

இந்த வைரஸ்கள் பயணம் செய்த வழி ஊருக்கு நன்கு தெரிந்த வழிதான். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பகுதிகளின் டிடிபி கடைகளில் தயாரான கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் ஃப்ளாப்பியில் ஏறித்தான் அச்சகத்துக்குப் போயின. அதே ஃப்ளாப்பி திருத்தத்தோடு திரும்பி வந்தது. கல்லூரி மாணவர் லேபில் எழுதிய புரோகிராமை வீட்டுக்கு எடுத்து வந்தார். வீட்டிலிருந்த விளையாட்டை நண்பருக்குக் கொண்டுபோனார். போன இடமெல்லாம் தொற்றும் கூடவே போனது.

அப்போது வைரஸை எடுப்பது கைவேலை. கணினியை முழுதாக அணைக்க வேண்டும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தி மறுபடி தொடங்கினால் நினைவகத்தில் இருப்பது தப்பிவிடலாம். பிறகு சுத்தமான பூட் ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டு ஆன் செய்து, ஸ்கேன் புரோகிராமை ஓட்ட வேண்டும். அந்தச் சுத்தமான ஃப்ளாப்பியைக் காப்பாற்றுவதில்தான் தொழில் நுணுக்கம் இருந்தது. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் சிறு ஸ்டிக்கரை மடித்து ஒட்டினால் எந்த இயந்திரமும் அதில் எழுத முடியாது. விலை ஏதுமில்லாத அந்தத் துண்டு ஸ்டிக்கரை அக்காலத்தின் மிகச் சிறந்த பாதுகாப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆன்டிவைரஸ் வேலை செய்யும் முறை அடிப்படையில் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டியிருக்கும் படங்களைப் போன்றது. ஒவ்வொரு வைரஸுக்கும் அதற்கே உரிய பைட் வரிசை உண்டு. அந்த அங்க அடையாளத்தைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இல்லாத திருடன் கண்ணெதிரே நடந்து போனாலும் தெரியாது. உள்ளூரில் சுற்றும் வைரஸ் ஒன்று வெளிநாட்டு நிறுவனத்தின் பட்டியலில் ஏறி, அந்தப் பட்டியல் வட்டில் பதிவாகி இங்கே வந்து சேர மாதங்கள் ஆன காலத்தில், இந்திய ஆன்டிவைரஸுக்கான தேவை இங்கிருந்தே பிறந்தது. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991-இல் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். புனேயில் கணினி, கால்குலேட்டர் பழுதுபார்த்துவந்த காட்கர் சகோதரர்கள் அதே பத்தாண்டில் குயிக் ஹீலை உருவாக்கினார்கள். கே7-இன் இன்ஜின் பின்னர் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் 'வைரஸ் செக்யூரிட்டி'க்குள் இருந்து விற்பனையானது. சென்னையில் எழுதிய நிரல் ஜப்பானிய வீடுகளைக் காத்த செய்தி, சென்னையிலேயே பலருக்குத் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

வீட்டுக்காரர்களுக்கு உண்மையான பயம் வந்தது 1999 ஏப்ரல் 26 அன்று. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ், செர்னோபில் விபத்தின் ஆண்டுநாளான அன்று உலகெங்கும் விழித்துக்கொண்டது. புரோகிராம் கோப்புகளின் காலி இடுக்குகளில் ஒளிந்திருந்ததால் கோப்பின் அளவு ஒரு பைட்கூடக் கூடியிருக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையும் அது பாழாக்கியது. அப்படிப் போன கணினியில் பவர் விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரையில் எழுத்து ஒன்றும் வராது. சாஃப்ட்வேரால் ஹார்டுவேர் கெடும் என்பதைப் பலர் நம்பியதே அதற்குப் பிறகுதான்.

இதற்கிடையே இணையமும் வந்திருந்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் பெற்ற நகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. 1998-இல் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவேயும் இணைப்பு விற்க வந்தது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியதும், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பது தெளிவானது. ஆனால் புதுப்பிப்பதற்குச் செலவு உண்டு. டயல்-அப்பில் வினாடிக்கு 4 கிலோபைட் கிடைத்தால், 5 மெகாபைட் அப்டேட் இறங்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டு டெலிபோன் எங்கேஜ்டு. லோக்கல் கால் மீட்டரும் ஓடும். அதனால் சிப், டிஜிட், பிசிக்வெஸ்ட் இதழ்களோடு வந்த சிடியிலிருந்து அப்டேட் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த பிறகு, இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்ற திட்டமும் இருந்தது. நள்ளிரவில் கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் அதிலிருந்து வந்தது.

அவாஸ்டும் ஏவிஜியும் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைத்தது இந்தக் காலத்தில்தான். காசு கொடுத்து நார்ட்டனோ மெக்காஃபியோ குயிக் ஹீலோ கே7-ஓ வாங்குவதா, இலவசம் போதுமா என்ற கேள்வி வீடுகளில் எழுந்தது. 256 எம்பி ராமில் ஓடிய கணினிக்கு எடைதான் பெரிய கவலை: பாதுகாப்பு பலமாக இருந்து, வேர்டு திறக்க இரண்டு நிமிடம் ஆனால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வைத்தவர்களின் கணினி இரண்டுக்கும் நடுவே சிக்கி நின்றுபோனது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்கள் முடிவுகளை வெளியிட்டுவந்தன. அந்த முத்திரைகள் பெட்டிகளிலும் அச்சாயின. வாங்குபவர் பார்த்ததோ விலையும், எத்தனை பிசிக்கு எத்தனை வருடம் என்பதும்தான்.

அடுத்த அலை பென் டிரைவில் வந்தது. ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கோ பிரவுசிங் சென்டருக்கோ கொண்டுபோன பென் டிரைவ், வீட்டுக்குத் திரும்பும்போது உள்ளே புதிதாக ஒரு மஞ்சள் ஃபோல்டரைச் சுமந்து வரும். பெயர் 'நியூ ஃபோல்டர்'. உண்மையில் அது ஃபோல்டர் படம் போட்ட இஎக்ஸ்இ கோப்பு. கோப்பின் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவைத்ததால் வேறுபாடு கண்ணில் படாது. திறந்து பார்த்தவர் தம் கையாலேயே அதை ஓட்டிவிட்டார். சில வகைகள் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிடும். மூன்று வருட புகைப்படமும் அழிந்துவிட்டதென்று பதறி ஃபார்மேட் செய்தவர்கள், மறைந்திருந்ததைத் தாங்களே அழித்தார்கள். பென் டிரைவ் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை 2008-இல் வந்த கான்ஃபிக்கர் புழு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2011-இல்தான் மைக்ரோசாஃப்ட் அந்த வாசலைப் பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் அடைத்தது.

அந்த அப்டேட் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. திருட்டு விண்டோஸ் போட்ட கணினிகளில், அசல்தானா என்ற சோதனை வந்துவிடும் என்று அஞ்சி, தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைப்பது சகஜம். அப்படிப்பட்ட கணினியில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தும் அடித்தளத்தில் ஓட்டை இருந்தது. 2017 மே 12-இல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது.

2012-இல் விண்டோஸ் 8-உடன் டிஃபெண்டர் உள்ளேயே வந்துவிட்டது. தேர்ந்தெடுக்காமலே ஓர் ஆன்டிவைரஸ் ஓடும் நிலை வீடுகளில் ஏற்பட்டது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, பாட் எனப்படும், தொலைவிலிருந்து கணினியை ஆட்டிவைக்கும் நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகக் கொடுத்தது. அதற்குக் கருவி வழங்குவோரில் குயிக் ஹீலுடன் கே7-உம் சேர்ந்தது. ஆனாலும் ரிட்சி தெருவில் ஆன்டிவைரஸ் விற்பனை நிற்கவில்லை. சிடி டிரைவ் இல்லாத கணினிகளுக்கு, சுரண்டினால் எண் தெரியும் அட்டையாக அது விற்கிறது. பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் வங்கிப் பரிவர்த்தனைக்குத் தனிப் பாதுகாப்பும் வேண்டுமென்று அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். புதுக் கணினி பூட்டும்போது, "ஆன்டிவைரஸும் போட்டுக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எது என்பதைக் கடைக்காரரிடமே விடுபவர்களும் இருக்கிறார்கள்.