நயினாதீவுச் சாசனமும் எழுதாத விதிகளும்

மனிதர் கூடித் தொழில் புரியும் இடமெங்கும் இருவகை விதிகள் நிலவுகின்றன. ஒருவகை எழுதி அறிவிக்கப்படுவன. மற்றையவை, எவரும் சொல்லாமலே எல்லோரும் அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுவன. எழுதாத விதியை மீறியவர் மீதே பழி சுமத்துதல் வழக்கம். இவ்வழக்கம் நீதியானதா என்பதை ஆராய்வார்க்கு, யாழ்ப்பாணத்துத் தீவகம் தரும் வரலாற்றுச் சான்றொன்று துணைபுரியும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) ஆணையைக் கூறுவது. கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். இன்றைய ஊர்காவற்றுறை இதில் ஊராத்துறை எனப்படுகின்றது. பிறநாட்டார் அங்கு வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்கிறது ஆணை. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. இவ்வாணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகவும் சாசனம் குறிப்பிடுகின்றது.

பங்கீட்டின் அளவினும் அதனை அறிவித்த முறையே இங்கு கருதத்தக்கது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழில் எழுதுவித்தான். அத்துறையை நாடிய வணிகரிடையே தமிழ் பரவலாக வழங்கியமை இதற்குக் காரணமாகலாம். யானை, குதிரைகளில் மன்னனுக்குள்ள விருப்பமே சலுகையின் காரணம் என்பதும் உடன் சொல்லப்படுகின்றது. அளவும் காரணமும் கேட்போனின் ஊகத்துக்கு விடப்படவில்லை.

இதன் அருமை பிற துறைகளோடு ஒப்பிடுகையில் விளங்கும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் பொறிப்பித்த சாசனம், புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய மன்னர் கவர்ந்தனர் எனக் கூறி, அவ்வழக்கைக் கைவிடுகின்றது. விதி எழுதப்பட்டதும் வணிகன் தன் உரிமையை அறிந்தான். அதிகாரியும் தன் வரம்பை அறிந்தான்.

நம் காலத்தில் இத்தகைய இடர் அலுவலகத்துள்ளும் நிகழ்கின்றது. ஓட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தை லியோ கானர் 1943இல் விவரித்தார். இந்நிலையுடையோர் பலர் தொழிற்றிறன் மிக்கோராயினும் குறிப்புமொழி, முகபாவம், மறைபொருட் பேச்சு ஆகியவற்றால் இடர்ப்படுவர். 'நேரம் கிடைக்கும்போது பாருங்கள்' என மேலதிகாரி கூறினால் அதனை உள்ளவாறே கொள்வர். அது உடனே செய்யவேண்டிய கட்டளை என்பதை எவரும் சொல்வதில்லை. கூட்டத்தில் ஒரு பிழையை நேரே சுட்டினால் செருக்குடையோர் எனப் பெயர் பெறுவர். குறை முழுவதும் அவர்பாலதே என நெடுங்காலம் கருதப்பட்டது. மதியிறுக்கமுடையவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இக்கருத்தை மறுத்து, புரியாமை இருபாற்பட்டது என வாதிட்டார். பிறர் மனத்தை அவர் அறியாமை போன்றே, அவர் மனத்தைப் பிறரும் அறிந்திலர்.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பின் காரணமாக ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டுதலைத் தடைசெய்கின்றது. வாயில் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வழங்கும் விதிகளும் உரைக்கப்படுதல் வேண்டும்.

எல்லா மரபுகளையும் எழுதிவைத்தல் இயலுமா எனச் சிலர் வினவக்கூடும். இயலாதுதான். ஆயினும் பணி முடிக்கவேண்டிய நாள், ஐயம் கேட்கவேண்டிய ஆள், பிழையைச் சுட்டவேண்டிய முறை ஆகியவற்றை எழுதித் தருதல் எந்த அலுவலகத்துக்கும் அரிதன்று. அதனாற் புதிதாய்ச் சேர்ந்த ஏனையோரும் பயன்பெறுவர்.

மதியிறுக்கமுடையோர் கடல்கடந்து வந்த அயலார் அல்லர். நம் வீட்டார், நம்மோடு கற்றோர். அயலார்க்கே விதியை அவரறிந்த மொழியில், காரணத்தோடு உரைத்தல் கடனெனப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரசொன்று கருதியது. விதியை அறிந்தவனே அதனை அறிவித்தற்கும் உரியவன் என்னும் இந்நெறி, நம் பணியிடங்களுக்கும் பொருந்துவதேயாம்.