இலங்கையில் மலேரியா ஒழிப்பு: ஆராய்ச்சியும் அரசாங்கப் பணியும்

1934ஆம் ஆண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகைகளிலே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளிலே நுளம்புகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட மலேரியாக் காய்ச்சல், 1935ஆம் ஆண்டிலும் நீடித்துச் சுமார் 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் அல்லலுற்றன.

நோயின் காரணம் அறியப்படாததன்று. மலேரியாத் தடைப்பணி 1911ஆம் ஆண்டிலேயே குருநாகலில் தொடங்கிவிட்டது. வெயில் படும் தெளிந்த நீரிலே முட்டையிடும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பே நோயைப் பரப்புவது என்பதை, எச். எப். காட்டர் என்னும் பூச்சியியல் அறிஞர் 1920களிலேயே ஆராய்ந்து கண்டிருந்தார். அறிவு இருந்தது, அதனை ஊர்தோறும் கொண்டுசெல்லும் ஏற்பாடே போதாதிருந்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவிலே டீ.டீ.ரீ. என்னும் பூச்சிகொல்லி கைக்கு எட்டியது. இரவிலே மனிதரைக் கடித்து இரத்தம் உறிஞ்சிய நுளம்பு, வீட்டுச் சுவரில் தங்கி இளைப்பாறும் வழக்கமுடையது. சுவரில் மருந்தைத் தெளித்தால் அது பல மாதங்கள் வீரியத்துடன் நிற்கும். நோய்க்கிருமி நுளம்பின் உடலில் முதிர்வதற்கு முன்னரே நுளம்பு மடியும். நுளம்பின் பழக்கத்தை அறிந்த பின்னரே மருந்து இவ்வாறு பயன் தந்தது. 1946 முதல் தெளிகருவி சுமந்த பணியாளர்கள் கிராமங்கள் தோறும் சென்றனர். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே.

நேயர்களே, வெற்றி கிட்டிய இவ்விடத்திலேதான் சோதனையும் காத்திருந்தது. நோய் அருகியதும் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. நோயாளரைக் காணாத பணி வீண்செலவாகவே தோன்றும் அல்லவா? சில ஆண்டுகளில் மழை குறைந்தது. ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. 1969ஆம் ஆண்டில் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் மலேரியாவுக்கு ஆளாயினர். நுளம்புகளும் டீ.டீ.ரீ.யைத் தாங்கப் பழகிக்கொண்டன. ஆதலால் 1977இல் மலத்தியோன் என்னும் வேறொரு மருந்தை நாட வேண்டியதாயிற்று.

இரண்டாம் வெற்றி ஒரே மருந்தை நம்பிப் பெற்றதன்று. எந்த மருந்துக்கு நுளம்பு மடிகிறது என்பதை ஆராய்ந்து மருந்துகளை மாற்றினர். மருந்தூட்டிய நுளம்பு வலைகளை வழங்கினர். நடமாடும் மருத்துவக் குழுக்களை எட்டாத ஊர்களுக்கு அனுப்பினர். போர் நிகழ்ந்த ஆண்டுகளிலும், வடக்கிலும் கிழக்கிலும் பணியாளர்கள் இப்பணியைத் தொடர்ந்தனர். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின்னர் இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

எனினும், இந்தியாவில் நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் இது பெருகும். வெளிநாடு சென்று மீள்வோர் சிலர் கிருமியைத் தம் இரத்தத்திலே கொண்டு வருவதும் உண்டு. இவை இரண்டும் ஓரிடத்திற் கூடுமாயின், பழைய துன்பம் மீளத் தலைதூக்கும்.

ஆகவே, கிணற்றை எட்டிப் பார்த்துப் புழுக்களைத் தேடும் உத்தியோகத்தரையும், நாள் முழுவதும் தகடுகளைச் சோதித்து, 'கிருமி இல்லை' என்று குறித்துவைக்கும் பரிசோதகரையும் நாம் பயனற்ற பணி செய்வோராக எண்ணலாகாது. 1963ஆம் ஆண்டின் பின்னர் நாம் இழந்தது அத்தகைய குறிப்பையே. அந்த 'இல்லை' என்னும் சொல் நாள்தோறும் எழுதப்படும் வரையிலேதான் நம் பிள்ளைகள் காய்ச்சலின்றி உறங்குவர்.