துடைத்துவிட்ட அழுக்கு

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். கடைசிச் சில வருடங்கள் தூலோன் நகரத்தில் இருந்தவர். அவர் வீட்டு மாடியறையில் ஒரு நீண்ட மேசை. அதன்மேல் தண்டவாளம், ஒரு நீராவி இன்ஜின், பதினோரு சரக்கு வேகன்கள். எல்லாமே அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு. எச்.ஓ. என்று அந்த அளவுக்குப் பெயர்.

ஒரு நாள் காப்பி கொண்டுவரக் கீழே போனார். மேசை ஓரத்தில், செய்தித்தாள் மேல், ஒரு வேகன் தனியாக இருந்தது. ஒரே புழுதி. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, உதவியாக இருக்கட்டும் என்று கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்தேன். செம்மண் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வேகன் புதிது போல் பளிச்சென்று ஆனது. எனக்குப் பெருமை.

அவர் வந்து பார்த்தார். "துடைச்சிட்டீங்களா தம்பி?" என்றார். பிறகு காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு ராத்திரி வேலை. வார்னிஷ் மட்டும்தான் பாக்கி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த அழுக்கு தானாகப் படிந்ததல்ல, அவர் பூசியது! ஓவியர்கள் பயன்படுத்தும் பாஸ்டல் சாக்குக்கட்டியைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கி, மெல்லிய தூரிகையால் தடவியிருக்கிறார். பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தால்தான் பொடி நிலைக்கும். அதற்குள் நான் துடைத்துவிட்டேன். பிரெஞ்சில் இந்த வேலைக்கு 'பத்தீன்' என்று பெயர். வெண்கலச் சிலையில் காலம் ஏற்றும் களிம்புக்கும் அதே சொல்தான். லிசேயில் படித்த எனக்குச் சொல் தெரியும். அதை ஒருவர் உட்கார்ந்து செய்வார் என்பது தெரியாது.

பிராயச்சித்தம் போல, அவரிடமிருந்த பிரெஞ்சு, அமெரிக்கப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தேன். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொம்மை ரயில் என்றால் முதலில் பளபளப்புதான். ஜெர்மனியின் மெர்க்ளின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய ரயில்களை வைத்தது. தகரத்தில் செய்து மினுமினுக்க வண்ணம் தீட்டிய வண்டிகள். பிறகு பெரியவர்களும் இதில் இறங்கினார்கள். அமெரிக்காவில் 'மாடல் ரெயில்ரோடர்' 1934-இலும், பிரான்சில் 'லோகோ ரெவ்யூ' 1937-இலும் தொடங்கின. அளவுகளில் துல்லியம் வந்தது. ஆனாலும் வண்டிகள் பெரும்பாலும் பட்டறையிலிருந்து அன்றுதான் வெளியே வந்தவை போலவே ஓடின.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜான் ஆலன். 1913-இல் பிறந்த அமெரிக்கர், தொழில் புகைப்படம். கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில், வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஒரு மலைநாட்டையே கட்டினார். அந்த ரயில்வேக்கு அவர் வைத்த பெயரை வாய்விட்டுப் படித்தால் 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று ஆங்கிலத்தில் காதில் விழும். அவ்வளவு குறும்பு. 13-ஆம் எண் இன்ஜினுக்குப் பதிலாக எம்மா என்று ஒரு டைனோசர் வண்டிகளை இழுக்கும்! ஆனால் இன்ஜின், வேகன்களின் வண்ணத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. புகைப்படக்காரரின் கண் அவருக்கு. உழைக்கிற வண்டி உழைத்தது போல் இருக்கவேண்டும் என்று அழுக்கையும் துருவையும் பூசினார். அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வர வர, மற்றவர்களும் புது வண்டியை அழுக்காக்கத் துணிந்தார்கள்.

அழுக்கென்றால் சேற்றை வாரி அடிப்பதல்ல. ஒவ்வொரு கறைக்கும் காரணம் வேண்டும். கொதிகலனில் நீர் கசியும் இடத்தில் சுண்ணாம்பு போல் வெள்ளைக் கோடு. வழுக்காமலிருக்க மணல் தூவும் குழாய்க்குக் கீழே, சக்கரத்தருகில் வெளிறிய பழுப்பு. வேகனின் இரு முகப்புகளிலும், அடுத்த வண்டியின் சக்கரம் வாரியடித்த புழுதி இரண்டு பட்டைகளாக ஏறும். கதவின் துரு மழைநீர் வழிந்த திசையில்தான் இறங்கவேண்டும். இடுக்குகளுக்குப் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுவார்கள். மேடான விளிம்புகளுக்குத் தூரிகையைத் துணியில் ஏறக்குறையத் துடைத்துவிட்டு மெல்ல உரசுவார்கள். இன்ஜினுக்குச் சுத்தக் கறுப்பு உதவாது. சின்ன வண்டியில் ஆணி, குழாய் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் கலந்த கறுப்பே வேண்டும்.

அந்தக் கால அமெரிக்க வேகன்களில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. வெற்று எடையைக் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை மறுபடி நிறுத்து, பழைய எண்ணின்மேல் புதுப் பெயின்ட் அடித்து, புது எடை, நிலையக் குறியீடு, தேதி எழுதுவார்கள். ஆகவே அழுக்கு வேகனிலும் அந்தச் சிறு சதுரம் மட்டும் புதிதாக இருக்கும். நல்ல மாடல்காரர் அதை விடமாட்டார். கோப்பில் குண்டூசி விட்ட துருவைப் பார்த்தே வயதைச் சொல்லும் குமாஸ்தாவுக்கு இது புரியாதா?

நம் சொல்தாவின் இன்ஜின் 141 ஆர் வகை. போரில் பிரான்சின் ரயில்கள் நாசமானபின், 1945 முதல் 1947 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து கப்பலில் வந்தவை, 1,300-க்கும் மேல். பிரான்சில் அதுவரை ஓர் இன்ஜினுக்கு நிலையான ஓட்டுநரும் நெருப்பாளரும் இருப்பது வழக்கம். தங்கள் இன்ஜினை அவர்களே பார்த்துப் பார்த்துத் துடைப்பார்கள். 141 ஆர் வண்டிகளைப் பெரும்பாலும் யார் கையில் கிடைத்தாலும் ஓட்டினார்கள். ஓய்வில்லாமல் ஓடின. யாருக்கும் சொந்தமில்லாத இன்ஜினை யார் துலக்குவார்கள்? அந்தக் கரியில் போருக்குப் பிந்திய பிரான்சின் அவசரம் இருக்கிறது. அதையும் துடைத்திருப்பேன், நல்லவேளை.

ஜான் ஆலன் 1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பில் இறந்தார். பத்து நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து ஏறக்குறைய எல்லாம் எரிந்துபோயின. கரியும் துருவும் வாழ்நாளெல்லாம் பூசியவரின் வேலையை நெருப்பே முடித்துவைத்தது. இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவருடைய புகைப்படங்கள்தான்.

அவருக்கு நடந்ததைப் படித்தபின் எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்தாவிடம் போய், "அண்ணே, அந்த வேகனை மறுபடி பூசுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து பொடி சுரண்டித் தரேன்" என்றேன். சிரித்தார். மேசையைக் காட்டினார். கறுத்துப்போன இன்ஜின், புழுதி படிந்த பத்து வேகன்கள், நடுவில் நான் துடைத்தது மட்டும் பளிச்சென்று.

"இருக்கட்டும் தம்பி. எந்த கூட்ஸ் வண்டியிலயும் பட்டறையிலேர்ந்து வந்தது ஒண்ணு இருக்கும்" என்றார்.

அவர் இருந்தவரை அந்த வேகன் அப்படியேதான் ஓடியது.