கோப்பு வடிவங்களின் வழக்குமொழி: கிளிட்ச் கலையில் பிழையின் இடம்

எண்ணிமப் படக் கோப்பின் தரவை வேண்டுமென்றே சிதைத்து, அதனால் தோன்றும் உருமாற்றத்தைப் படைப்பாக்குவது கிளிட்ச் கலை. இதனைத் தற்செயலின் கலை எனக் கொள்வது பெருவழக்கு. நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மென்க்மன் 2010இல் உருவாக்கிய 'எ வெர்னாகுலர் ஆஃப் ஃபைல் ஃபார்மட்ஸ்' இக்கருத்தை ஐயுறச் செய்கிறது. தம் முகப்படம் ஒன்றையே பல வடிவங்களில் சேமித்து, அவற்றில் பிழையைப் புகுத்தினார் அவர். சிதைவுகள் வடிவத்துக்கு வடிவம் வேறுபட்டன. தலைப்பில் உள்ள 'வழக்குமொழி' என்னும் உருவகம் பொருத்தமானதே.

காரணம் கோப்பின் அமைப்பில் உள்ளது. சுருக்கப்படாத பிஎம்பி கோப்பின் படத்தரவில் ஒரு பைட்டை மாற்றினால், பொதுவாக ஒரு படப்புள்ளியின் நிறமே மாறும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் அவ்வாறன்று. அது படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி அளவையும் முந்தைய கட்டத்தினின்று அது வேறுபடும் அளவாகவே பதிகிறது. ஆகவே ஓரிடத்துப் பிழை அடுத்துவரும் கட்டங்களுக்கும் தொடர்கிறது. நிறம் பிறழ்கிறது, பட்டைகள் இடம்பெயர்கின்றன. (சரிபார்ப்பு எண் தாங்கிய பிஎன்ஜி கோப்பைச் சிதைத்தால், பல மென்பொருள்கள் அதைத் திறக்கவே மறுக்கும்.) வழக்கமாகக் கண்ணுக்குப் புலனாகாத சுருக்கமுறை பிழையின் வழியே வெளிப்படுகிறது.

கிளிட்ச் பழகிய பாணியாக மாறிவிடுவதை மென்க்மனே தம் 2011ஆம் ஆண்டு நூலில் விவாதிக்கிறார். இன்றைய செயலிகளின் ஆயத்த வடிப்பான்கள் கோப்பின் அமைப்பைத் தொடாமல், சிதைவின் சாயலை மட்டும் படத்தின்மீது பூசுகின்றன. அத்தகைய படத்திலிருந்து எந்த வடிவத்தின் இயல்பையும் வாசித்தறிய இயலாது.