நாமும் ஒரு கப்பல் கட்டுவோம்



பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா மலரில் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். புக்கிட் தெங்கா என்றால் நடுக்குன்று என்று பொருள். இங்கே அலைச் சத்தம் கேட்பதில்லை. ஆனால் நம் கதை கப்பலில்தான் தொடங்குகிறது. "எங்க தாத்தா கப்பல்ல வந்தாரு" என்று சொல்லாத வீடு நம் வட்டாரத்தில் எத்தனை இருக்கும்? "எந்தக் கப்பல்? எவ்வளவு பெரிசு? எங்கே படுத்தாங்க? என்ன சாப்பிட்டாங்க?" என்று அடுத்த கேள்வி கேளுங்கள். வீடே மௌனமாகிவிடும்.

ஆனால் டைட்டானிக் கப்பலைக் கேளுங்கள்! எத்தனை புகைபோக்கி, எந்த ஆண்டில் பனிப்பாறையில் மோதியது, எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அது சினிமா செய்த வேலை. நம்மைக் கொண்டுவந்த கப்பலுக்கு யார் படம் எடுத்தார்கள்? யாரும் எடுக்காவிட்டால் என்ன, நாமே மரத்தில் ஒன்று செய்து பார்க்கலாம் அல்லவா? அந்த எண்ணத்தில்தான், மாதிரிக் கப்பல் செய்யும் கலையின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பழையதொரு கலை

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு?" என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. சின்னக் கப்பல் செய்வது மனிதகுலத்தின் பழைய பழக்கங்களில் ஒன்று. எகிப்து நாட்டில் மெக்கெத்ரே என்ற பெரிய அதிகாரியின் கல்லறையை 1920-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அதற்குள் அழகழகான மரப் படகுகள் இருந்தன. துடுப்புப் போடும் ஆட்களும், சமையல் படகும்கூட அதில் உண்டு. செய்து நாலாயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காலத்து நிஜப் படகுகளில் பெரும்பாலானவை மக்கி மண்ணாகிவிட்டன. பொம்மைப் படகுகள் நின்றன. நைல் நதியில் அன்று எப்படிப் படகு விட்டார்கள் என்பதை அந்தப் பொம்மைகளே நமக்குச் சொல்லுகின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்படைக்காகப் போர்க்கப்பல்களின் மாதிரிகளை நுணுக்கமாகச் செய்தார்கள். கால் அங்குலம் ஒரு அடிக்குச் சமம், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்பது அவர்கள் கையாண்ட அளவு. உள்ளே இருக்கும் விலாச்சட்டங்கள் தெரியும்படி அடிப்பகுதியில் பலகை அடிக்காமலே விட்டுவிடுவார்கள். இன்று அந்தக் கப்பல்கள் இல்லை. மாதிரிகள் மட்டும் லண்டனின் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னொரு கதையையும் கேளுங்கள். நெப்போலியன் காலத்துப் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகள் இங்கிலாந்துச் சிறைகளில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். கையில் காசில்லை, மரமில்லை. சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சுத்தம் செய்து, சீவி, அதிலே கப்பல் செய்தார்கள். பாய்மரக் கயிறுகளுக்குத் தலைமுடியையும் முறுக்கிக் கட்டினார்கள். அவற்றைச் சந்தையில் விற்றுக் காசு பார்த்தார்கள். ஊரை விட்டுப் பிரிந்தவனுக்குக் கப்பல் என்பது ஊருக்குப் போகும் வழி. அதைக் கையால் செய்வதிலே அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும்.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் இல்லையா? இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறிக்கப்பட்டிருக்கிறது. வயது ஏறக்குறைய 1,800 ஆண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் தோண்டியெடுத்த பானை ஓட்டிலும் கப்பல் உருவம் கீறப்பட்டிருக்கிறது. இன்றும் நாகூர் கந்தூரிக் கொடி ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும்போது, கப்பல் வடிவில் செய்த ரதங்கள் தெருவிலே வருகின்றன. அந்த நாகூர் ஆண்டவருக்குப் பினாங்கிலும், சூலியா தெருப் பக்கம், ஒரு நினைவாலயம் இருக்கிறது. கடல் தாண்டி வந்தவர்கள் கட்டியது அது.

பெட்டியில் வந்த கப்பல்

மரத்துண்டுகளை முன்கூட்டியே வெட்டி, வரைபடத்தோடு பெட்டியில் போட்டு விற்பது இருபதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது பெரிய பொழுதுபோக்காயிற்று. டென்மார்க் நாட்டு பில்லிங் போட்ஸ் கம்பெனி 1958-இல் தொடங்கியது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட கம்பெனிகள் உண்டு. மொரீசியஸ் தீவிலோ 1960-களின் இறுதியிலிருந்து மாதிரிக் கப்பல் செய்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததியார் நிறைந்த தீவு அது என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? நடுவிலே முதுகெலும்பு போல ஒரு நீண்ட பலகை. நம் கடலோர மக்கள் இதை ஏரா என்பார்கள். அதில் வெட்டியிருக்கும் காடிகளில் குறுக்குச் சட்டங்களைச் செருக வேண்டும். சட்டம் கொஞ்சம் சாய்ந்தாலும் கப்பல் கோணிப் போகும். ஆகவே மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். பிறகு சட்டங்களின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பலகை படிந்து உட்காரும்படி சாய்வாக்க வேண்டும்.

அடுத்தது பலகைப் பட்டிகள். இவை மெல்லிய குச்சி போலிருக்கும். தண்ணீரில் ஊறவைத்துச் சூடு காட்டினால் வளையும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போகக் கூடாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏரா முறுக்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் கப்பல் ஒடுங்குவதால், பட்டியின் முனையையும் சீவி ஒடுக்க வேண்டும். மரம் வெட்டிப் பழகிய கை உள்ளவர்களுக்கு இது புரியும். காயம் ஆழமாகவும் போகக்கூடாது, மேலாகவும் நிற்கக்கூடாது என்று பார்க்கிறோமே, அதே பக்குவம்தான்!

பெரிய மரக்கப்பலைக் கட்டுகிறவர்களும் ஏரா, விலாச்சட்டம், பலகை என்றே வேலை செய்கிறார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் வேப்ப மரத்தால் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அது வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்டு, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. தமிழன் கட்டிய கப்பல், தமிழன் ஓட்டிய கப்பல்! எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் கப்பல்

கடைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஐரோப்பியப் போர்க்கப்பல்களையும் வணிகக் கப்பல்களையுமே காண்கிறோம். அவற்றைச் செய்து கைபழகுவதில் தவறில்லை. ஆனால் நம் பள்ளிக்கூடத்து மேசையில் வைக்க வேண்டிய கப்பல் எது? நான் 'ரஜூலா'வைச் சொல்லுவேன்.

ரஜூலா 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஓடியது. போர்க்காலத்தில் சிப்பாய்களை ஏற்றியது. அதன் சகோதரக் கப்பலான 'ரோனா' 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுபட்டு மூழ்கியது. அதில் 1,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். ரஜூலா தப்பிப் பிழைத்து, 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. அதற்குப் பிறகு விற்கப்பட்டு, உடைக்கப்பட்டது.

எல்லோருடைய முன்னோர்களும் ரஜூலாவில் வரவில்லை. நம் செபராங் பிறைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ரப்பர் காலத்தில் கங்காணியோடு பழைய நீராவிக் கப்பல்களில் வந்தவர்கள் ஏராளம். 1938-இல் இந்திய அரசு, உதவிப் பணத்தில் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. அதன் பின் சொந்தச் செலவில் வந்தவர்களும், ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் ரஜூலாவில் ஏறினார்கள். அதற்குப் பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்து, பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தப் பயணக் காலமே முடிந்தது.

நெல்மணிக் கணக்கு

இப்போது மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ரஜூலாவின் நீளம் ஏறக்குறைய 477 அடி. அகலம் 62 அடிக்குச் சற்றுக் குறைவு. இருநூற்றில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் எவ்வளவு வரும்? 28 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அகலம் நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஐந்தரை அடி மனிதன் அந்தக் கப்பலில் எவ்வளவு இருப்பான்? எட்டு மில்லிமீட்டர். ஒரு நெல்மணி!

ரஜூலா புதிதாக ஓடியபோது 5,000-க்கும் அதிகமான தளப் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. பின்னாளில் அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. நீங்கள் 5,000 நெல்மணிகளை எண்ணி எடுங்கள். ஒரு டம்ளர் அளவு வரும். அதை உங்கள் மாதிரிக் கப்பலின் மேல்தளத்தில், ஆள் படுத்திருப்பதுபோல ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். தளம் முழுவதும் நிரம்பிவிடும். இன்னும் கிட்டத்தட்ட பாதி நெல் உங்கள் கையிலேயே இருக்கும்! நிஜக் கப்பலில் மேல்தளம் முழுவதும் காலியாகவா இருந்தது? புகைபோக்கி, சரக்குத் துவாரம், துரைமார் அறைகள், எல்லாவற்றுக்கும் இடம் போக மீதியும், கீழ்த்தளங்களும்தான் நம்மவர்களுக்கு. ஐந்தாறு நாள் பயணம். மழையும் வெயிலும், கைக்குழந்தையும் தட்டுமுட்டுச் சாமானும்.

"கப்பல்ல கஷ்டப்பட்டு வந்தோம்பா" என்று பாட்டி சொன்னபோது நமக்குப் புரியவில்லை. நெல்லைப் பரப்பினால் புரிகிறது. பாடப் புத்தகத்தில் எண்ணாக நிற்பது, கையால் செய்யும்போது ஆளாக நிற்கிறது. மாதிரிக் கப்பல் செய்வதன் பயன் இதுவே.

எப்படித் தொடங்குவது?

ரஜூலா இரும்புக் கப்பல். ஆகையால் பட்டி அடிக்காமல் சுலபமாகவே செய்யலாம். நாலைந்து மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, ஒவ்வொன்றையும் அந்த உயரத்துக்குரிய வடிவில் அறுத்து, பிறகு உளியாலும் உப்புத்தாளாலும் இழைத்தால் உடல் தயார். பழைய ரப்பர் மரப் பலகையே போதும். மேல்தளங்களுக்கு அட்டை, கம்பிவேலிக்குத் தையல் நூல். ஒற்றைப் புகைபோக்கி: கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அடையாளம். அளவுக் கணக்கைப் பிள்ளைகள் போடட்டும், மரம் அறுப்பதை அப்பாமார் செய்யட்டும், சாயத்தை அம்மாமார் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கப்பலில் வந்தவர்கள் இன்று நம்மிடையே சிலரே இருக்கிறார்கள். சின்னப் பிள்ளையாக வந்தவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது? அடுப்பு எங்கே? பெண்கள் எந்தப் பக்கம் படுத்தார்கள்? வரைபடத்தில் இவையெல்லாம் இருக்கா? அவர்கள் வாயில்தான் இருக்கிறது. சொல்லும் இடத்தை மாதிரியில் ஒரு புள்ளி வைத்துக் குறியுங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து காவான் கரைக்குப் போய் மேற்கே பாருங்கள். பச்சையாகத் தெரியுமே, அதுதான் ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய் பரவாமலிருக்க நிறுத்தி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. நம்மவர்களில் பலர் இந்த நாட்டில் முதன்முதலில் கால் வைத்த மண் அது. எத்தனையோ தடவை பாலத்தில் போகும்போது அதைப் பார்த்திருப்போம், தெரியாமலே!

அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவில், கோப்பைகள் அடுக்கிய மேசையின் நடுவே 28 அங்குலத்தில் ஒரு ரஜூலா நிற்கட்டும். பக்கத்தில் ஒரு டம்ளர் நெல்லும் இருக்கட்டும். விழாவுக்கு வரும் பாட்டி ஒருவர் அதைப் பார்த்து, "இங்கதாண்டா நான் படுத்திருந்தேன்" என்று விரலால் தொட்டுக் காட்டினால், மாணவர்களே, அன்று கொடுக்கும் பரிசுகளில் அதுவே முதற் பரிசு.