பல்லிக்கு வீடு கட்டிய பெண்மணி

ஆன்சைட்ல இருக்கற நண்பன் போன மாசம் ஒரே புலம்பல். அவன் வளர்க்கற லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட பல்லிதாங்க) புதுத் தொட்டிக்கு மாத்தினதுலேர்ந்து சாப்பிடவே இல்லையாம். எனக்கு உடனே ஜோன் பீச்சம் ப்ராக்டர் ஞாபகம்தான் வந்துச்சு.

1897ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயசுலேர்ந்தே தீராத குடல் நோய். அதனால பல்கலைக்கழகம் போக முடியலை. ஆனா 1923ல் லண்டன் ஜூவில் ஊர்வன பிரிவுக்கே பொறுப்பாளர் ஆயிட்டார். (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு நான் பக் ஃபிக்ஸ் பண்ணிட்டிருக்கேன், அது வேற கதை.) 1927ல் திறந்த ஊர்வன இல்லம் அவர் வடிவமைச்சதுதான். அதுல கூண்டு முழுக்க ஒரே சூடு கிடையாது. மின்சாரத்தால சில இடம் மட்டும் கதகதப்பா இருக்கும், மத்த இடம் குளுமை. தனக்கு எது வேணும்னு அந்தப் பிராணியே தேடிப் போய்ப் படுத்துக்கும். புற ஊதாக் கதிரை உள்ளே விடற கண்ணாடி வேற!

அதே வருஷம் ரெண்டு கொமோடோ டிராகன் வந்து சேர்ந்துச்சு. அதுல சும்பாவாங்கற ஒண்ணு, இவர் கையாலேயே சாப்பிட்டுச்சு. 1928ல் விலங்கியல் சங்கக் கூட்டத்துக்கே அதைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். பின்னாடி உடம்பு ரொம்ப முடியாமப் போய் சக்கர நாற்காலியில வந்தப்பவும், வாரோட சும்பாவா கூடவே நடந்துச்சு. 1931ல் இறந்தப்போ வயசு 34தான்.

நண்பன் தொட்டி பூரா ஒரே சூடு வச்சிருந்தானாம். ஒரு பக்கம் மட்டும் சூடு வை, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க இடம் குடு, ஒரு வாரம் தொடாதேன்னேன். நேத்து மெயில் வந்துச்சு: நாலு புழு காலியாம் :-)