தோடம்பழமும் ஐந்து படிகளும்



"பிள்ளையின் கொப்பியில் நோட்ஸையே காணல்லையே, வகுப்பில என்னதான் நடக்குது?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் கார்ப்ளஸ் என்றொரு பௌதிகவியலாளர் இருந்தார். 1950களின் இறுதியில் தன் மகளின் ஆரம்ப வகுப்புக்கு விஞ்ஞானம் பேசப் போனார். பின்னர் சிறுவர்களுக்குத் தானே படிப்பித்தும் பார்த்தார். தான் தெளிவாகச் சொன்னதைப் பிள்ளைகள் வேறு விதமாக விளங்கிக்கொள்வதைக் கண்டார். ஏன் என்பதற்கு ஜெனீவாவில் பியாஜே செய்த ஆய்வுகள் விடை தந்தன. பிள்ளையின் மனம் வெற்றுக் கொப்பி அல்ல. அனுபவத்தைக் கொண்டு அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது.

1962இல் மைரன் அட்கினுடன் சேர்ந்து கார்ப்ளஸ் எழுதிய கட்டுரையிலிருந்து மூன்று கட்டக் கற்றல் சுழற்சி வளர்ந்தது. முதலில் தேடல், அடுத்து எண்ணக்கரு, பிறகு பிரயோகம். 1987இல் ரொஜர் பைபி குழுவினர் அதை ஐந்தாக விரித்தனர்: ஈடுபடுத்தல், தேடியாராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். 2007இல் தரம் 6, தரம் 10 தேர்ச்சி மையக் கலைத்திட்டத்துடன் இம்முறை நம் நாட்டு ஆசிரியர் வழிகாட்டிகளுக்கும் வந்தது.

உண்மையைச் சொல்வோம். பாடக்குறிப்பில் ஐந்து தலைப்புகளை எழுதிவிட்டு, வகுப்பில் பழையபடி நோட்ஸ் சொல்லிக்கொடுத்தவர்கள் நாமும்தான். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பரீட்சை வருகிறது, வகுப்பில் இடமில்லை. காரணங்கள் பொய்யல்ல. ஆனால் நட்டம் பிள்ளைக்கு.

ஒரு வாளித் தண்ணீரில் தோடம்பழத்தைப் போடுங்கள், மிதக்கும். தோலை உரித்துப் போடுங்கள், அமிழும். பாரம் குறைந்த பிறகும் ஏன் அமிழ்கிறது? வகுப்பே சத்தம் போடும். பிள்ளைகள் வேறு பொருட்களையும் போட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் தோலுக்குள் இருக்கும் காற்றையும் அடர்த்தியையும் நாம் விளக்குகிறோம். மீன் வலையின் மிதவையை அவர்களே விளக்கிவிட்டால் விரிவாக்கமும் ஆச்சு, மதிப்பீடும் ஆச்சு.

அன்று கொப்பியில் நாலு வரிதான் இருக்கும். ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று பின்னேரம் பிள்ளையிடம் "என்ன எழுதினாய்?" என்று கேட்காமல், "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எம்மிடம் வாருங்கள். அப்போது கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் நாம்தான்.